கைகாட்டி பதில்கள்: பீன்ஸ் கொட்டைக் கணக்கு

போன இதழில் ஒரு வாசகர், "முப்பத்து நாலு வருஷம் ரயில்வேயில் குப்பை கொட்டினீரே, ரயிலை வைத்துப் போர் செய்த கதை ஏதாவது தெரியுமா?" என்று கேட்டிருந்தார். முதல் உலகப் போரில் ஜெர்மனி பிடித்து வைத்திருந்த பெல்ஜியத்தில், ஜன்னலோரம் உட்கார்ந்து ராணுவ வண்டிகளை எண்ணிய குடும்பங்களைப் பற்றி நாலு வரி எழுதினேன். 'வெள்ளைச் சீமாட்டி' என்ற ரகசிய அமைப்புக்காக எண்ணினார்கள் என்றும் சொன்னேன். இடம் அவ்வளவுதான் கொடுத்தார்கள். அதற்கு வந்த கடிதக் கட்டைப் பார்த்துவிட்டு ஆசிரியர், "இந்த இதழ் முழுக்க அதையே எழுதிவிடுங்கள்" என்றார். எனவே கத்தரிக்காய் விலை, கூட்டணி, நடிகை கல்யாணம் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த வண்டிக்குக் காத்திருக்கவும்.

சு. வே., விருத்தாசலம்
கேள்வி: அந்த அமைப்பை யார் ஆரம்பித்தார்கள்? பெயர் ஏன் பேய்க்கதை மாதிரி இருக்கிறது?

பேய்க்கதையேதான். ஜெர்மன் சக்கரவர்த்தியின் ஹோஹென்சோலர்ன் வம்சத்தைப் பற்றி ஒரு பழங்கதை உண்டு. வெள்ளை உடுத்திய ஒரு சீமாட்டியின் உருவம் கண்ணில் பட்டால் அந்த வம்சத்துக்குக் கேடு காலம் வந்துவிட்டது என்று பொருளாம். பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்து ஆட்கள் அந்தப் பெயரையே எடுத்துத் தங்கள் அமைப்புக்கு வைத்தார்கள். பிரெஞ்சில் 'லா டாம் பிளாஞ்ச்'. குசும்பு பிடித்தவர்கள்.

எம்டன் கப்பல் 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் மேல் குண்டு போட்டதை நம்மூரில் இன்னும் பேசுகிறோம். அதற்குச் சரியாக ஏழு வாரம் முன்பு, ஆகஸ்ட் 4 அன்று, ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்தது. பெல்ஜியம் எந்தப் பக்கமும் சேராத நாடு. பிரான்ஸுக்குப் போகும் குறுக்குப் பாதையில் இருந்ததுதான் அது செய்த குற்றம். ஆகஸ்ட் 20-இல் பிரஸ்ஸல்ஸ் போயிற்று. மேற்கு மூலையில் இசேர் ஆற்றுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் மட்டும் மிஞ்ச, மற்றதெல்லாம் நாலு வருஷத்துக்கு அந்நியன் கையில்.

லியேஜ் ஜெர்மன் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய ஜங்ஷன். ஜெர்மனியிலிருந்து போர்முனைக்குப் போகும் வண்டிகளுக்கு அதுதான் வாசல். சென்னையிலிருந்து தெற்கே வரும் வண்டிக்கு விழுப்புரம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர்த் தொழிலதிபர் தியுதொன்னே லாம்ப்ரெக்ட் என்பவர் ஆட்களைச் சேர்த்து வண்டிகளைக் கவனிக்க வைத்து, விவரத்தை ஹாலந்து வழியாக நேச நாடுகளுக்கு அனுப்பினார். பிடிபட்டார். 1916 ஏப்ரல் 18-இல் லியேஜ் கோட்டையில் சுட்டுக் கொன்றார்கள்.

அவருடைய உறவினர் வால்தேர் தெவே. தந்தி, டெலிபோன் துறையில் இன்ஜினீயர். குடும்பஸ்தர். சாவு விழுந்த வீட்டில் மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இவர் ஹெர்மன் ஷோவேன் என்ற நண்பரைச் சேர்த்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடங்கினார். போர் முடியும்போது அந்த அமைப்பில் ஆயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒருவர் பெண்.

ப. கா., அரக்கோணம்
கேள்வி: ரயில் எல்லோர் கண் முன்னாலும்தான் போகிறது. அதை எண்ணுவதில் என்ன ராணுவ ரகசியம் இருக்கிறது?

அரக்கோணத்தில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா? உங்கள் ஊர் டீக்கடைக்காரருக்கே சத்தத்தை வைத்துக் காலிப் பெட்டியா லோடா என்று தெரியுமே.

ஒரு டிவிஷன் படை இடம் மாறுவது என்பது குடும்பத்தோடு ஊர் மாறுவது மாதிரி. ஆயிரக்கணக்கில் ஆட்கள், குதிரைகள், பீரங்கி, சமையல் வண்டி, வைக்கோல், குண்டு எல்லாம் போயாக வேண்டும். அன்றைக்கு லாரி குறைவு. ரயிலை விட்டால் வழியில்லை. ஒரு வண்டியில் அடங்காது. ஒரே மாதிரி வண்டிகள் வரிசையாக, சீரான இடைவெளியில், ஒரு நாள், ரெண்டு நாள் என்று போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றிலும் அதிகாரிகளுக்கு ஒரு பயணிகள் பெட்டி, சிப்பாய்களுக்கும் குதிரைகளுக்கும் மூடிய வேகன்கள், பீரங்கிக்குத் திறந்த தட்டு வேகன்கள். பிரெஞ்சு மூடு வேகன்களில் 'ஆட்கள் 40, குதிரைகள் 8' என்று வெளியிலேயே எழுதியிருக்கும். அப்புறம் என்ன, பெருக்கல் வாய்ப்பாடுதான். எத்தனை வேகன், எந்த வகை, எத்தனை மணிக்கு, எந்தத் திசையில் என்ற நாலும் தெரிந்தால் எவ்வளவு படை எங்கே நகர்கிறது என்று லண்டனில் உட்கார்ந்தே கணக்குப் போடலாம்.

ஆனால் ஒரு நிபந்தனை. ஒரு வண்டியைக்கூட விடக்கூடாது. 'இன்று இரவு எதுவும் போகவில்லை' என்பதும் ஒரு செய்தி. தூங்கிவிட்டு அதை எழுதினால் அது பொய்ச் செய்தி. என் தொழில் என்பதால் சொல்கிறேன், இதன் கஷ்டம் எனக்குக் கொஞ்சம் தெரியும். ஸ்டேஷன் மாஸ்டர் ஒவ்வொரு வண்டியும் கடந்து போகும்போது கடைசிப் பெட்டியைப் பார்த்தாக வேண்டும். பகலில் 'எல்.வி.' (லாஸ்ட் வெஹிகிள், அதாவது கடைசிப் பெட்டி) பலகை, இரவில் பின்னால் சிவப்பு விளக்கு. அது இருந்தால்தான் வண்டி முழுசாகப் போயிற்று, நடுவில் பெட்டி எதுவும் கழன்று நிற்கவில்லை என்று பொருள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு சின்ன ஸ்டேஷனில், விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு கூட்ஸ் போனது. கையில் பச்சை விளக்கோடு நின்றுகொண்டே ஒரு நொடி கண் சொருகிவிட்டது. விழித்தால் வண்டியைக் காணோம். சிவப்பு விளக்கைப் பார்த்தேனா இல்லையா? சத்தியமாக ஞாபகம் இல்லை. அடுத்த ஸ்டேஷனுக்கு போன் போட்டு உண்மையைச் சொன்னேன். அங்கே இருந்தவர் வண்டியை நிறுத்திப் பார்த்து, "விளக்கு இருக்கு, நீ முகத்தைக் கழுவு" என்றார். சம்பளமும் நாற்காலியும் டீயும் இருந்த எனக்கே இந்த நிலைமை.

இப்போது ஃபூர்மி என்ற ஊருக்கு வாருங்கள். அது வடக்கு பிரான்ஸ். அதுவும் ஜெர்மன் பிடியில்தான் இருந்தது. போர்முனைக்குப் பின்னால் படைகளைப் பக்கவாட்டில் மாற்ற உதவிய இர்சோன் பக்கத்துப் பாதை அந்த வழியாகப் போகிறது. ஆகவே அங்கே ஒரு கண் வேண்டும் என்று சீமாட்டி ஆட்கள் துடித்தார்கள். தண்டவாளத்தை ஒட்டிய ஒரு வீட்டில் அப்பா, அம்மா, பதின்மூன்று பதினான்கு வயதில் இரண்டு பெண்கள். பகலில் பெண்கள் ஜன்னலோரம். இரவில் பெற்றோர். எழுதி வைத்தால் சோதனையில் மாட்டும். ஆகவே சமையலறைச் சாமான்தான் கணக்குப் புத்தகம். சிப்பாய்க்கு பீன்ஸ் கொட்டை, குதிரைக்குச் சிக்கரி, பீரங்கிக்குக் காப்பிக்கொட்டை. நாள் முடிவில் அதைப் பார்த்துக் குறிப்பு எழுதி, வீடு பெருக்கும் துடைப்பத்தின் பொள்ளலான கைப்பிடிக்குள் வைத்துவிடுவார்கள், ஆள் வந்து வாங்கிப் போகும்வரை.

எங்கள் அம்மா பால் கணக்கை அடுப்படிச் சுவரில் கரிக்கோடாகப் போட்டு வைப்பாள். பால்காரர் நோட்டில் வேறு எண்ணிக்கை இருந்தால் சுவர்தான் ஜெயிக்கும். அந்தப் பெண்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சுவர்தான் ஞாபகம் வரும்.

புலவர் இரா. ந., கும்பகோணம்
கேள்வி: 'ஒற்றொற் றுணராமை ஆள்க உடன்மூவர் சொற்றொக்க தேறப் படும்' என்றார் வள்ளுவர். ஒரு ஒற்றரை இன்னொரு ஒற்றர் அறியக்கூடாது, மூவர் சொல் ஒத்தால் நம்பலாம் என்பது பொருள். தங்கள் பெல்ஜியக்காரர்கள் இதைக் கடைப்பிடித்தார்களா?

ஐயா, முதலில் கடைப்பிடிக்காமல் கெட்டார்கள், பிறகு கடைப்பிடித்துப் பிழைத்தார்கள்.

சீமாட்டிக்கு முன்னால் இன்னொரு பெரிய வலை இருந்தது. அதன் அத்தனை செய்திகளும் ஒரே வழியில் ஹாலந்துக்குப் போயின. பெல்ஜியத்து லானாக்கன் என்ற ஊருக்கும் டச்சு நகரமான மாஸ்ட்ரிக்டுக்கும் இடையே ஓடிய ஒரு டிராம். தினமும் ஓடுகிறது, வசதியாக இருக்கிறது என்று எல்லோரும் அதிலேயே ஏற்றிவிட்டார்கள். 1916-இல் ஜெர்மன்காரர்கள் மோப்பம் பிடித்தார்கள். ஒரு டிராமைப் பிடித்ததும் முழு வலையும் கையோடு வந்துவிட்டது. சிங்கிள் லைனில் எல்லா வண்டியையும் விட்டால் ஒரு இடத்தில் தடம்புரண்டாலும் எல்லாம் நின்றுபோகும் என்று எங்கள் பாயிண்ட்ஸ்மேன்கூடச் சொல்லியிருப்பார்.

தெவே டெலிபோன் ஆள். எக்ஸ்சேஞ்சில் எந்த வயர் எங்கே போகிறது என்பது ஒருவனுக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்று பழகியவர். எண்ணுகிற குடும்பத்துக்குக் குறிப்பை வாங்க வரும் ஆளை மட்டும் தெரியும். அந்த ஆள் அதை ஒரு வீட்டில் கொடுப்பார். அதைத் 'தபால் பெட்டி' என்றுதான் அவர்களே சொன்னார்கள். கடைக்காரராக இருக்கலாம், பாட்டியம்மாவாக இருக்கலாம். அங்கிருந்து எடுத்துப்போக வேறொரு ஆள் வருவார். கொடுத்தவரும் எடுத்தவரும் ஜென்மத்துக்கும் சந்திக்க மாட்டார்கள். எல்லாம் லியேஜில் சேர்ந்து, மெல்லிய தாளில் பொடி எழுத்தில் மறுபடி அடிக்கப்பட்டு, எல்லைக்குப் போகும். லியேஜ் போலீஸிலேயே வேலை பார்த்த ஒருவர், உள்ளே வருகிறவன் நல்லவனா போலியா என்று பார்க்கும் பொறுப்பில் இருந்தார். பாவமன்னிப்பு கேட்க ஒரு சேசு சபைப் பாதிரியாரையும் சேர்த்துக்கொண்டார்கள். கத்தோலிக்கர்கள் அல்லவா, பொய் சொல்லியே வாழும்போது அதை யாரிடமாவது சொல்லியாக வேண்டுமே.

'உடன்மூவர்' சமாச்சாரம் ரயிலில் தானாகவே நடந்துவிடும். ஒரே வண்டி ஒரே பாதையில் நாலு ஊரைத் தாண்டுகிறது. நாலு ஊரிலும் ஒருவரையொருவர் அறியாத நாலு குடும்பம் எண்ணுகிறது. பக்கத்து ஸ்டேஷன் ரிஜிஸ்டரும் நம் ரிஜிஸ்டரும் ஒத்துப்போக வேண்டும் என்று எங்களை ஆய்வுக்கு வருகிறவர்கள் படுத்துவார்கள். அதே கதைதான்.

மு. ஜெ., ஈரோடு
கேள்வி: ரேடியோ இல்லாத காலம். காகிதம் எப்படி எல்லை தாண்டியது?

உயிரைப் பணயம் வைத்துத்தான். 1915-இல் ஜெர்மன் ராணுவம் பெல்ஜியத்துக்கும் ஹாலந்துக்கும் நடுவே முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஒரு வேலி போட்டது. நடுவில் மின்சாரம் பாயும் கம்பிகள், சுமார் 2000 வோல்ட். இரண்டு பக்கமும் காவலுக்குச் சாதாரண வேலி. மக்கள் அதற்கு 'மரணக் கம்பி' என்று பேர் வைத்தார்கள். அந்தக் கிராமங்களில் பெரும்பாலான வீடுகளில் அப்போது கரண்ட் விளக்கே கிடையாது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று கம்பிக்குள் ஓடி ஆளைக் கொல்லும் என்பதை முதலில் பலர் நம்பவே இல்லை. தொட்டார்கள், செத்தார்கள். நூற்றுக்கணக்கில். நம்மூரில் கடலைக்காட்டுக்குள் காட்டுப்பன்றி வராமல் இருக்கத் திருட்டு மின்வேலி போட்டு, தண்ணீர் கட்டப் போன ஆள் செத்தார் என்று பேப்பரில் படிக்கிறோமே, அந்தக் கொடுமையை ஒரு அரசாங்கமே நாடு நீளத்துக்குச் செய்தது.

தாண்டவும் தாண்டினார்கள். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு கம்பியை விலக்கினார்கள். ஜன்னல் சட்டம் மாதிரி மரச்சட்டம் ஒன்றைக் கம்பிகளுக்கு நடுவே செருகி, அதற்குள் புகுந்து போனார்கள். அடித்தட்டு இல்லாத பீப்பாயை நுழைத்து அதற்குள் ஊர்ந்தார்கள். காவல்காரனுக்குப் பணம் கொடுத்தும் போனார்கள். நாட்டுக்குள்ளேயும் ஊர்விட்டு ஊர் போக அனுமதிச் சீட்டு வேண்டும். அது எளிதில் கிடைத்தது மருத்துவச்சிக்குத்தான். பிரசவ வலி ராணுவ உத்தரவைக் கேட்காது. அப்படி ஒரு மருத்துவச்சி, அந்தக் காலத்துப் பெண்கள் இடுப்பை இறுக்கிக் கட்டும் கச்சையின் நரம்புக் குச்சிகளில் செய்தித் தாளைச் சுற்றி எடுத்துப் போனார். எந்தச் சிப்பாய் அங்கே கை வைப்பான்?

ஹாலந்தில், ராட்டர்டாமில், ஹென்றி லாண்டாவ் என்ற பிரிட்டிஷ் கேப்டன் காத்திருந்தார். தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். 1917-இலிருந்து சீமாட்டியின் காகிதங்கள் அவர் வழியாக லண்டன் போயின.

புறாவும் உண்டு. பிரிட்டிஷார் கூடையில் புறாவை வைத்து, கூடவே கேள்வித்தாளும் வைத்து, வானத்திலிருந்து இறக்கினார்கள். காலையில் தோட்டத்துக்குப் போகிற விவசாயி கூடையைப் பார்ப்பார். தெரிந்ததை எழுதிப் புறாவின் காலில் கட்டி விடலாம், போலீஸில் கொடுக்கலாம், அல்லது குழம்பு வைத்துவிடலாம். பசிக்காலம். மூன்றும் நடந்திருக்கும் என்பது என் ஊகம்.

லோ. கி., சென்னை-33
கேள்வி: பெண் ஒற்றர் என்றாலே மாதா ஹரிதான் ஞாபகம் வருகிறார். அவரும் இந்தப் போர்தானே?

இதே போர்தான். நடனக்காரி, டச்சுக்காரி. ஜெர்மனிக்கு உளவு சொன்னார் என்று பிரான்ஸ் 1917 அக்டோபர் 15-இல் சுட்டது. அவர் உண்மையில் என்ன ரகசியம் கொடுத்தார் என்று இன்றைக்கும் சண்டை. படம் எடுக்க வசதியான கதை.

கேப்ரியல் பெத்தியைத் தெரியுமா? பெல்ஜியத்துத் தூர்னே ஊர்க்காரி. கடைகளில் வேலை பார்த்த ஏழைப் பெண். பிரிட்டிஷாருக்காகப் படை நடமாட்டத்தைக் கவனித்து எழுதி அனுப்பினார். 1916 ஏப்ரல் 1-ஆம் தேதி பிரஸ்ஸல்ஸில் சுட்டார்கள். வயது 23. கண்ணைக் கட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். போர் முடிந்து 1919-இல் ராணி வந்து நிற்க அரசு மரியாதையோடு மறுபடி அடக்கம் செய்தார்கள். பிரஸ்ஸல்ஸில் சிலை இருக்கிறது. பிரிட்டிஷ் நர்ஸ் எடித் கவெல் அதற்கு முந்தைய வருஷம் அக்டோபர் 12-இல் அதே ஊரில் சுடப்பட்டவர். நேச நாட்டுச் சிப்பாய்கள் ஹாலந்துக்குத் தப்பிப் போக உதவினார் என்பது வழக்கு.

த. ம. சே., தூத்துக்குடி
கேள்வி: இவ்வளவு ஆபத்துக்கு என்ன கூலி கொடுத்தார்கள்? கூலிக்கு இல்லை என்றால் வேறு எதற்கு?

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன்.

பிரிட்டிஷார் செலவுக்குப் பணம் தந்தார்கள். ஆனால் தெவேயும் அவருடைய ஆட்களும் லண்டனிடம் கறாராகக் கேட்டது வேறு ஒன்று. 'எங்களைச் சிப்பாய்கள் என்று ஒப்புக்கொள்ளுங்கள்.' ஒற்றன் என்ற சொல்லே அவர்களுக்குக் கசந்தது. நம்மூரில் 'ஆள்காட்டி' என்றால் எப்படி இருக்கும், அப்படி. லாண்டாவிடம் பேச்சு நடந்தது. சரி, சிப்பாய்தான் என்று முடிவாயிற்று. அதிலிருந்து அமைப்பே ஒரு பட்டாளமாக மாறியது. லியேஜ், நாமூர், ஷார்லெருவா என்று பட்டாலியன்கள், அதற்குள் கம்பெனிகள், அதற்குள் பிளாட்டூன்கள். சேருகிற ஒவ்வொருவரும் போர் முடியும்வரை சேவை செய்வதாக உறுதிமொழி எடுத்தார்கள். பெண்களும் அதே உறுதிமொழி, அதே பதவிகள். அந்தக் காலத்தில் பெண்ணை இப்படிச் சேர்த்த பட்டாளம் அபூர்வம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த ஈய வில்லை. சிப்பாய் கழுத்தில் அடையாள வில்லை தொங்குமே, அதுபோல ஒவ்வொருவருக்கும் ஒன்று செய்தார்கள். பேரும் பிறந்த விவரமும் எண்ணும் போட்டது. ஆனால் வைத்திருந்தால் உயிர் போய்விடும். ஆகவே வாங்கிய உடனே மண்ணில் புதைத்துவிட வேண்டும் என்று உத்தரவு. நான் சிப்பாய் என்பதற்கான ஒரே சாட்சி, கொல்லைப்புறத்து மண்ணுக்குள்.

சிவில் உடையில் பிடிபட்டவனை அந்த வில்லை காப்பாற்றாது. அது அவர்களுக்குத் தெரியாமல் இருக்குமா? கொலார் சகோதரர்கள், அந்தோனியும் லூயியும், 1918 மார்ச்சில் லியேஜ் பக்கத்தில் வாந்த்ர் என்ற இடத்தில் ஒரு வீட்டில் மாட்டினார்கள். ஜூலை 18-இல் சுட்டார்கள். இன்னும் நாலு மாதம் தாண்டியிருந்தால் போரே முடிந்திருக்கும்.

தவறாக நினைக்க வேண்டாம், எனக்கு இது வீண் பிடிவாதமாகத்தான் முதலில் தெரிந்தது. உயிர் போகிற இடத்தில் பட்டம் எதற்கு? பிறகு எங்கள் கேட் கீப்பர் ஒருவர் ஞாபகம் வந்தார். தினக்கூலியாகவே பல வருஷம் கேட்டைத் திறந்து மூடினார். கடைசியில் நிரந்தரமாக்கி உத்தரவு வந்தபோது சம்பளம் எவ்வளவு என்று கேட்கவில்லை. "சார், டோக்கன் நம்பர் என்ன?" என்றுதான் கேட்டார்.

அ. ஃபா., ஆம்பூர்
கேள்வி: இரண்டாம் உலகப் போரில் திப்பு சுல்தான் வம்சத்துப் பெண் ஒருவர் பிரான்ஸில் உளவாளியாக இருந்தாராமே, உண்மையா?

உண்மை. நூர் இனாயத் கான். அப்பா இனாயத் கான் பரோடாவில் பிறந்த இசைக் கலைஞர், சூஃபி ஞானி. அவருடைய தாய் வழியில் திப்பு சம்பந்தம். அம்மா அமெரிக்கர். நூர் 1914 ஜனவரி 1-இல் மாஸ்கோவில் பிறந்து பாரிஸ் பக்கத்தில் வளர்ந்தவர். வீணை வாசிப்பார், குழந்தைகளுக்கு ஜாதகக் கதைகளை எழுதியவர். பிரான்ஸ் விழுந்ததும் இங்கிலாந்து போய் விமானப்படைப் பெண்கள் பிரிவில் வயர்லெஸ் கற்றார். 1943 ஜூன் நடுவில் ஓர் இரவு, சின்ன லைசாண்டர் விமானத்தில் பிரான்ஸில் இறங்கினார். வந்து சில நாளிலேயே அவர் சேர்ந்த வலையை ஜெர்மன்காரர்கள் அறுத்துவிட்டார்கள். திரும்பி வா என்றது லண்டன். மாட்டேன் என்று பாரிஸில் இடம் மாறி இடம் மாறி ரேடியோ அனுப்பினார். அக்டோபரில் பிடிபட்டார். 1944 செப்டம்பர் 13-இல் ஜெர்மனியின் டாஹாவ் வதை முகாமில் சுடப்பட்டார். பிரிட்டன் 1949-இல் ஜார்ஜ் கிராஸ் என்ற வீர விருது கொடுத்தது.

ஒரு குறை சொல்லியாக வேண்டும். அனுப்பிய செய்திகளை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். அது ஜெர்மன் கையில் சிக்கி, அதை வைத்து அவர் பேரிலேயே லண்டனுக்குப் பொய்ச் செய்தி அனுப்பினார்கள். வீரத்தில் குறையில்லை. பீன்ஸ் கொட்டையும் துடைப்பமும்தான் இல்லாமல் போயிற்று.

க. சு., சேலம் ஜங்ஷன்
கேள்வி: இவர்கள் எண்ணியதால் போர் முடிவு மாறியதா? இல்லை, நீங்கள் ரயில்வே பாசத்தில் ஊதிப் பெருக்குகிறீர்களா?

பாசம் உண்டு. ஊதவில்லை.

1918 மார்ச் 3-இல் ரஷ்யா ஜெர்மனியோடு ஒப்பந்தம் போட்டு ஒதுங்கிக்கொண்டது. கிழக்கே நின்ற டிவிஷன்களில் பெரும் பகுதியை ஜெர்மனி மேற்கே கொண்டுவந்தது. எப்படி? ரயிலில். பெல்ஜியத்துத் தண்டவாளங்கள் இரவும் பகலும் ஓயவில்லை. ஜன்னலோரக் குடும்பங்களும் ஓயவில்லை. பெரிய அடி வரப்போகிறது என்பது நேச நாடுகளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் என்ன? மார்ச் 21-இல் ஜெர்மனி அடித்த அடியில் பிரிட்டிஷ் படை அறுபது கிலோமீட்டர் வரை பின்வாங்கியது. சிக்னல் சிவப்பு என்று காட்டுவதுதான் சிக்னலின் வேலை. பிரேக்கில் கால் வைக்க வேண்டியது டிரைவர்.

ஆனாலும், எதிரியின் கையில் மிச்சம் எத்தனை படை, அது எந்தப் பக்கம் போகிறது என்ற கணக்கு நவம்பர் 11 வரை தினமும் வந்துகொண்டே இருந்தது. அது இல்லாமல் தளபதிகள் குருடர்களாக இருந்திருப்பார்கள். போரை ஜெயித்துக் கொடுத்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கண்ணாக இருந்தார்கள் என்பேன்.

வி. பூ., மதுரை
கேள்வி: அந்த தெவே கடைசியில் என்ன ஆனார்?

மறுபடி டெலிபோன் வேலைக்குப் போனார். பிள்ளைகளை வளர்த்தார். 1939-இல் மறுபடி போர் வாடை அடித்ததும் பழைய ஆட்களைக் கூப்பிட்டார். எண்ணிப் பாருங்கள், இருபது வருஷம் கழித்து, வயது அறுபதை நெருங்கும்போது. 'கிளாரன்ஸ்' என்று புது வலை. இந்த முறை ரேடியோவும் உண்டு. 1940 மே மாதம் ஜெர்மன்காரர்கள் மறுபடி வந்தபோது வலை தயாராக இருந்தது.

ஜெர்மன் போலீஸ் அவரைத் தேடித் தேடி அலுத்துவிட்டது. 1944 ஜனவரியில் அவருடைய மகள்களைப் பிடித்தார்கள். ஜனவரி 14 அன்று, பிரஸ்ஸல்ஸில் தன்னோடு வேலை செய்த ஒரு வயதான பெண்மணியைப் போலீஸ் தேடுகிறது என்று எச்சரிக்க அவரே நேரில் போனார். ஆள் அனுப்பியிருக்கலாம். போலீஸ் அங்கே முன்னாலேயே உட்கார்ந்திருந்தது. தப்பித்துத் தெருவில் ஓடினார். அந்தப் பக்கம் வந்த ஒரு ஜெர்மன் அதிகாரி சுட்டுவிட்டார். பிரஸ்ஸல்ஸ் விடுதலையானது அதே வருஷம் செப்டம்பரில். லியேஜில் அவர் நினைவாக ஒரு சிறு தேவாலயம் கட்டியிருக்கிறார்கள்.

செல்வி ந. தே., ஏழாம் வகுப்பு, கரூர் மாவட்டம்
கேள்வி: தாத்தா, உங்கள் பதிலைப் படித்துவிட்டு நானும் தங்கையும் லெவல் கிராஸிங்கில் நிலக்கரி வண்டியை எண்ணினோம். நான் 59 என்கிறேன், அவள் 58 என்கிறாள். யார் சரி?

இரண்டு பேரும் சரி, கண்ணு. அந்த வண்டியில் வழக்கமாக நிலக்கரி வேகன் 58 இருக்கும். கடைசியில் கார்டு மாமா உட்கார்ந்து வரும் குட்டிப் பெட்டி ஒன்று, அது பிரேக் வேன். நீ அதையும் சேர்த்துவிட்டாய், தங்கை விட்டுவிட்டாள். அடுத்த தடவை வேகன் எத்தனை, பிரேக் வேன் எத்தனை, எந்தப் பக்கம் போயிற்று, மணி என்ன என்று தனித்தனியாக எழுதுங்கள். எழுதி முடிக்கும்வரை ஒருத்தி நோட்டை இன்னொருத்தி பார்க்கக்கூடாது. கேட்டிலிருந்து பத்தடி தள்ளி நில்லுங்கள், அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.